வாய் திறவாமையின் வரலாறு

உடையார்பாளையம் வட்டாரப் பள்ளிகளில் ஆசிரியர் சிலர் நம் பிள்ளைகளைக் குறித்துக் கூறும் சொல் ஒன்றுண்டு: "பையன் அடக்கமானவன், ஆனால் கேள்வி கேட்டால் வாய் திறவான்." முற்பாதி பாராட்டு, பிற்பாதி குறை. இரண்டையும் பிள்ளையின் பிறவிக் குணமாகவே அவர்கள் கொள்கின்றனர். அதற்கு ஒரு வரலாறு உண்டென்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழைய திண்ணைப் பள்ளி ஓசை மிகுந்த இடம். சட்டாம்பிள்ளை சொல்ல, ஏனையோர் உரக்கச் சொல்வர். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைச் சென்னை எழும்பூரில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் 1797இல் அதனை நூலாக வெளியிட, இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' எனப் புகழ் பெற்றது. கடல் கடந்து சென்ற அக்கல்வி, ஊர்த் தெருவைக் கடந்து சேரிக்கு வந்திலது!

பள்ளிக்குள் புகுந்தோர்க்கும் பேச்சு எளிதாக வாய்க்கவில்லை. திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் கோயம்புத்தூர்ப் பள்ளி நாள்களை நினைவுகூர்கிறார். ஏறத்தாழ நானூறு மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக அனைவரும் பிராமணர். பிறரோடு பழகினால் சாதியும் ஊரும் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிய அவர், பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்திருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். வகுப்பு முடிந்ததும் பிறர் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு சேர்வாராம். அவ்வாறு அடங்கிக் கிடந்த நாவே 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் உரிமையை எடுத்துரைத்தது. அன்று அவரை நோக்கிய ஆசிரியரும் 'அடக்கமானவன்' என்றுதான் எண்ணியிருப்பார் போலும்.

டாக்டர் அம்பேத்கர் அஞ்சி ஒதுங்கியவரல்லர். ஆயினும் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கைக் கரும்பலகையில் போடும்படி ஆசிரியர் அழைத்தபோது, பலகைக்குப் பின்னிருந்த உணவுப் பாத்திரங்களைத் தீட்டுப்படாமல் காக்க உடன்பயில்வோர் ஓடினர் என்பது அவர்தம் வாழ்க்கை வரலாற்றில் காணும் செய்தி. கைதூக்கி விடை சொல்ல முன்வரும் பிள்ளைக்கு அக்காலத்தில் கிடைத்த பரிசு அது.

மாற்றுவழியும் தமிழகத்திலேயே தோன்றியது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுப் பகுதியில் நம்மவர்க்கென இலவசப் பள்ளி தொடங்கினார். பின்னர் வேறு சில பள்ளிகளும் எழுந்தன. அங்குப் பணியாற்றிய திருமதி கோர்ட்ரைட், கற்பிக்கும் முறைகளை 1906இல் ஒரு கைந்நூலாகவே எழுதினார். பிள்ளை அறிந்த பொருளைக் கண்முன் வைத்து, அதனைப் பற்றி அவனையே பேசச் செய்வது அப்பள்ளிகளில் கையாண்ட முறைகளுள் ஒன்று.

நம் சங்கத்தின் மாலை வகுப்பிலும் இதனைச் செய்து பார்த்தோம். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பகுதிச் சுண்ணாம்புப் பாறைகளில், ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததற்குச் சான்றாகச் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை மேசைமீது வைத்து, "இதனை யாரேனும் கண்டதுண்டா?" என வினவினோம். மூன்று திங்களாக ஒரு சொல்லும் பேசாதிருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, தன் மாமன் ஊர் ஓடையில் கண்டதாகக் கூறினாள். ஆசிரியர் அவ்வோடையை அறியார். அங்குச் செல்லும் வழியையும் அவளே சொல்ல வேண்டியதாயிற்று.