பிரெனீஸ் மலையில் ஒரு புயல் நாள்

சைக்கிள் என்னும் எளிய வாகனத்தை மனிதனுடைய தேகபலத்துக்கும் மனோதிடத்துக்கும் உரைகல்லாக ஆக்கியவர்களில் முதன்மையானவர் ஆன்ரி தெக்ராஞ்சு என்ற பிரெஞ்சுப் பத்திரிகாசிரியர். தம்முடைய 'லோத்தோ' பத்திரிகையின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டு 1903ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயம், சில ஆண்டுகள் பெரும்பாலும் சமவெளிகளிலேயே நடந்து, 1910இல் கரடிகள் நடமாடிய பிரெனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களின்மீதே ஏறத் துணிந்தது. பெய்ருசூர்த், அஸ்பென், 2,115 மீட்டர் உயரமுள்ள துர்மலே, ஒபிஸ்க் ஆகிய கணவாய்களைக் கடந்து லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர் தூரத்தை ஒரே நாளில் ஓட்டி முடித்த ஒக்தாவ் லாபீஸ் என்ற வீரர், அன்று முதலாவதாக வந்தவரேயாயினும், வழியில் பந்தய நிர்வாகிகளைக் கொலைகாரர்கள் என்று நிந்திக்கத் தவறவில்லை.

மலை கொடுத்த சிரமம் ஒரு பங்கு என்றால், நிபந்தனைகள் கொடுத்த சிரமம் மற்றொரு பங்கு. வண்டிக்கு எந்தச் சேதம் நேர்ந்தாலும் அதை ஓட்டுபவரே, பிறருடைய உதவியின்றிச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது அக்காலத்து விதி. 1913இல் துர்மலேயின் இறக்கத்தில் யூஜேன் கிறிஸ்தோஃபின் வண்டியினுடைய முன்கவை முறிந்துவிடவே, அவர் வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேன்ட் மாரி த காம்பான் என்ற சிற்றூரின் கொல்லுப்பட்டறையை அடைந்து, தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்து அதை ஒட்டவைத்தார். ஒரு சிறுவன் துருத்தியை ஊதிக் கொடுத்த குற்றத்துக்காக, அருகில் நின்று கண்காணித்த அதிகாரிகள் அவருக்கு அபராதமும் விதித்தார்கள்.

இந்த மலையும் இந்த விதிகளும் இருந்த இடத்தில் புயலும் வந்து சேர்ந்த நாள், 1926ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி. அவ்வாண்டுப் பந்தயத்தின் மொத்தத் தூரம் 5,745 கிலோமீட்டர்; அதைவிட நீண்ட டூர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பொழுது விடிய நெடுநேரம் இருக்கையிலேயே 76 வீரர்கள் பயோனிலிருந்து லூஷோனை நோக்கிப் புறப்பட்டார்கள். மலை ஏற ஏறக் குளிர்ந்த மழையும், பக்கத்தில் வருபவரைக் கூட மறைக்கும் மூடுபனியும் அவர்களைச் சூழ்ந்துகொண்டன. தாரிடப்படாத பாதைகள் சேறாகக் குழைந்து சக்கரங்களைப் பற்றி இழுத்தன. உபரி ரப்பர் டயர்களைப் பூணூல்போல் தோளின் குறுக்கே மாட்டியிருந்த அவர்களுக்கு, நனைந்த கம்பளிச் சட்டையே பெரும் பாரமாயிற்று.

அக்காலத்துப் பந்தய வண்டியில் ஓடிக்கொண்டே கியர் மாற்றும் வசதி கிடையாது. டூரில் அது பொதுவாக அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். பின்சக்கரத்தின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்கள் இருக்கும். ஏற்றம் வந்ததும் கீழே இறங்கி, நட்டுகளைக் கையால் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றிப் புரட்டி மாட்டி, செயினை ஏற்றி, மறுபடியும் முடுக்க வேண்டும். உச்சியை அடைந்தபின் இறக்கத்துக்காக அத்தனையையும் திரும்பச் செய்ய வேண்டும். குளிரில் மரத்து, சேறு படிந்த விரல்களால் அந்தச் சிறிய நட்டைத் திருகுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை யோசித்துப் பார்த்தால்தான் அந்த நாளின் கொடுமை ஒருவாறு விளங்கும்.

முந்திய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற இத்தாலியரான ஒத்தாவியோ பொத்தேக்கியா அன்று பந்தயத்தையே கைவிட்டார். அவருக்குத் துணைவராக முன்பு உழைத்த பெல்ஜிய நாட்டு லூசியன் பைஸ், தம் பெண்குழந்தை காலமாகிவிட்டது என்ற செய்தியைப் பந்தயத்தின் நடுவிலேயே கேட்டு, குடும்பத்தாரின் வற்புறுத்தலால் மட்டுமே தொடர்ந்து ஓட்டிவந்தவர், 17 மணி 12 நிமிஷம் 4 விநாடியில் முதலாவதாக லூஷோனை அடைந்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே தூரத்தை எதிர்த்திசையில் லாபீஸ் கடக்க ஆன காலம் சுமார் 14 மணி. அடுத்தவர் வந்து சேரவோ மேலும் 25 நிமிஷங்களுக்கு மேலாயிற்று. இரவு வளர்ந்தும் பலர் வாராமையால், அவர்களைத் தேடி மோட்டார்கள் மலைக்கு அனுப்பப்பட்டன, காலவரம்பும் தளர்த்தப்பட்டது. புறப்பட்டவர்களில் 22 பேர் அந்த ஒரே நாளில் பந்தயத்தை விட்டு நீங்கினார்கள். பைஸ் பந்தயத்தின் அடுத்த கட்டத்தையும் வென்று, பாரிஸில் பட்டத்தையும் பெற்றார்.

இந்தச் சரித்திரத்தைப் படிப்பவர்கள் துன்பத்தையே மகத்துவமென்று மயங்கலாகாது. அந்தத் துன்பத்தில் ஒரு பகுதி இயற்கையின் விளைவு. மற்றொரு பகுதி, பத்திரிகையின் பரபரப்புக்காக மனிதர் மனிதர்மீது சுமத்தியது. வீரர்களுடைய பொறுமை அவர்களுக்கே உரிய செல்வம். அதற்கான புகழை விதிகளுக்குக் கொடுப்பது நியாயமன்று. கடும் பனியிலும் புயலிலும் கட்டத்தைச் சுருக்கவோ நிறுத்தவோ இடந்தரும் நெறிமுறை சர்வதேசச் சைக்கிள் சம்மேளனத்தில் 2016ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. இதனால் வீரம் குன்றிவிட்டது என்று வருந்துவோர் உண்டு. ஆனால், எல்லாவற்றையும் தாங்கியவர்கள் சிலர் இருந்தார்கள் என்பது, எல்லோரையும் தாங்கச் சொல்வதற்கு ஒருநாளும் காரணம் ஆகாது. பைஸின் வெற்றியைப் போற்றுகிறவர்கள், அன்று மலையில் வண்டியை நிறுத்திய 22 பேருக்கும் அதே மரியாதையைச் செலுத்தக் கடமைப்பட்டவர்கள்.