சொற்களுக்கு இடையே ஒரு வெளி

அச்சிட்ட பக்கத்தின் சௌந்தரியம் எழுத்துகளின் வடிவத்தால் மட்டும் அமைவதன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெற்றிடத்தைச் சீராகப் பகிர்ந்தளிக்கும் சாமர்த்தியத்தாலும் அமைவது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 1455ஆம் ஆண்டையொட்டி 42 வரி பைபிளை அச்சிட்டு முடித்த குட்டன்பர்க், ஒவ்வொரு வரியும் ஒரே நீளத்தில் முடியவேண்டுமென்ற வைராக்கியத்தினால், ஒட்டெழுத்துகளையும், சுருக்கக் குறிகளையும், அகலத்தில் சற்றே வேறுபட்ட எழுத்துருவங்களையும் வார்த்து வைத்துக்கொண்டு, இடைவெளி மிகாமலும் குறையாமலும் காத்த பொறுமையை நினைக்குந்தோறும் நெஞ்சம் வணங்குகிறது.

அவருக்குப் பின்வந்த அச்சுக்கோப்போர் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக உலோகத் துண்டுகளைச் சொற்களுக்கிடையே கையால் செருகியே அப்பணியை நிறைவேற்றி வந்தனர். 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் இயங்கத் தொடங்கிய மெர்கெந்தாலரின் லைனோடைப் யந்திரமோ, சொற்களுக்கு நடுவே ஆப்பு வடிவமான பட்டைகளை நிறுத்தி, வரி கோக்கப்பட்டதும் அவற்றைக் கீழிருந்து ஒருசேர மேலே தள்ளி, வெளிகளனைத்தும் சமமாய் விரிந்து வரியை நிரப்புமாறு செய்தது. இதனினும் நேர்த்தியான உபாயம் அத்தொழிலில் தோன்றியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

1985இல் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள் இக்கலையை மேஜைமீதிருந்த கணினிக்குக் கொணர்ந்தது. ஆயினும் வரிகளைத் தனித்தனியே அளக்கும் முறையில் ஒன்று நெருங்கியும் அடுத்தது சிதறியும் தோன்றும் குறை நேரும். பத்தி முழுவதையும் ஒருங்கே ஆராய்ந்து வரிகளைப் பிரிக்கும் மார்க்கத்தைக் கணினி அறிஞர்களான டொனால்டு க்னூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இலேயே விளக்கியிருந்தனர்; 1999இல் வெளிவந்த அடோபி இன்டிசைன், பத்தியை முழுமையாக நோக்கும் அத்தகைய முறையைப் பக்க வடிவமைப்போர் கையில் கொடுத்தது.

நூல் அமைக்கும் அன்பர்கள் ஸ்பேஸ் விசையைப் பலமுறை தட்டி வெளியை நிரப்பாமல், பத்தி அமைப்பிலேயே அளவுகளை முறையாக வகுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.