மென் தொடுவில்லையின் தோற்றம்

உடலினுட் செயற்கைப் பொருள்களைப் பொருத்தும் முயற்சி நெடுங்காலத்தது. உலோகமும் கண்ணாடியும், பின்னர்ப் பிளாத்திக்கும் இதற்குப் பயன்பட்டன. இவை யாவும் வன்மையானவை. நீரை உள்ளே கொள்ளாதவை. உடலின் மெல்லிழையங்களோ பெரும்பாலும் நீராலானவை. இம்முரண்பாட்டை நீக்க எழுந்த ஆராய்ச்சியே ஐதரோஜெல் எனப்படும் நீர்க்களியை மருத்துவத்திற்கு அளித்தது. அவ்வரலாற்றின் முதன்மையான அத்தியாயம் செக்கோசிலோவாக்கியாவில் நிகழ்ந்ததாகும்.

1952 ஆம் ஆண்டில் இரசாயன அறிஞர் ஒட்டோ விக்டர்லே புகைவண்டியிற் செல்லுங்கால், உடன் பயணஞ் செய்த ஒருவர் கண் மருத்துவ இதழொன்றைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணிற் பொருத்தும் உலோக உறுப்பொன்றைப் பற்றிய விளம்பரம் அதிற் காணப்பட்டது. உலோகத்தினும் உடலுக்கு இயைந்த பல்பகுதியம் ஒன்றை ஆக்கலாமென விக்டர்லே எடுத்துரைத்தார். அத்தகைய பொருள் நீரைப் போதிய அளவு கொள்ளல் வேண்டும். உடற்செயல்களால் மாற்றமுறாதிருத்தல் வேண்டும். உயிர்ப்புக்கு வேண்டிய பொருள்கள் ஊடுருவிச் செல்ல இடந்தரல் வேண்டும். ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவை இந்நிபந்தனைகளே.

அவருடன் பணியாற்றிய திராகோசிலாவ் லீம் என்பார், ஐதரொட்சியெதைல் மெதக்கிரிலேற்று என்னும் சேர்வையிலிருந்து இத்தகைய களியை ஆக்கினார். இதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளிலுள்ள ஐதரொட்சிற் கூட்டங்கள் நீரை ஈர்க்கின்றன. சங்கிலிகளைப் பிணைக்கும் குறுக்கிணைப்புகள் அவை நீரிற் கரைந்துபோகாது தடுக்கின்றன. எனவே, அப்பொருள் கரையாது வீங்கி, தன் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு நீரைக் கொண்டு, மென்மையும் ஒளிபுகு தன்மையும் பெறுகின்றது. உலர்ந்தவிடத்து மீண்டும் வன்மையடைகின்றது. இவ்வாராய்ச்சியை 1960 இல் இருவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர்.

பொருள் கிடைத்தபோதிலும் அதனை வில்லையாக வடித்தல் எளிதாயிருக்கவில்லை. மூடிய அச்சில் வார்த்த வில்லைகளின் ஓரங்கள் சிதைந்தன. இதற்கிடையே, 1958 இல், அரசியற் காரணங்களால் விக்டர்லே பிராக் இரசாயனத் தொழினுட்பக் கல்லூரிப் பதவியை இழந்தார். பின்னர் விஞ்ஞானக் கழகத்தின் புதிய பேர்மூலக்கூற்று நிறுவனத்திற்குப் பணிப்பாளரானார். 1961 இல் தொடுவில்லை ஆராய்ச்சிக்கு அரசு அளித்த ஆதரவும் நின்றது. அவ்வாண்டு நத்தார்க் காலத்தில் அவர் தம் வீட்டிலேயே, சிறுவர் விளையாடும் உலோகத் துண்டுகளையும் துவிச்சக்கரவண்டித் தைனமோவையும் கொண்டு ஒரு பொறியை அமைத்தார். குழிந்த அச்சிலே திரவத்தை இட்டுச் சுழற்றியவாறே இறுகச் செய்தார். வில்லையின் வெளிப்புறத்தை அச்சும், உட்புற வளைவைச் சுழற்சி வேகமும் நிருணயித்தன. முதல் நான்கு வில்லைகள் இவ்வாறு கிடைத்தன. அடுத்த சில மாதங்களில் அவரும் அவர் மனைவியாரும் ஆயிரக்கணக்கான வில்லைகளை வீட்டிலேயே ஆக்கினர்.

1965 இல் இதன் உரிமை ஐக்கிய அமெரிக்க நிறுவனமொன்றிற்கு விற்கப்பட்டது. 1971 இல் அந்நாட்டு அரசு மென் தொடுவில்லைகளின் விற்பனைக்கு அங்கீகாரம் அளித்தது. அவை உலகெங்கும் பரவின. பெரும் வருவாய் பிறநாட்டார்க்கே சென்றது. 1968 இன் அரசியற் கிளர்ச்சியிற் பங்குகொண்டமையால் விக்டர்லே மீண்டும் பதவியிழந்தார். ஆட்சி மாறியபின், 1990 இல், அவரே நாட்டின் விஞ்ஞானக் கழகத் தலைவரானார்; 1998 இற் காலமானார்.

முதற் களியினூடே ஒட்சிசன் செல்லும் அளவு போதாமையால், நெடுநேரம் அணிதற்கேற்ற சிலிக்கோன் நீர்க்களிகள் 1990களின் இறுதியில் வழக்கிற்கு வந்தன. புண்ணை ஈரமாய்க் காக்கும் கட்டுகளிலும், மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் சாதனங்களிலும் இன்று நீர்க்களிகள் பயன்படுகின்றன.

விளையாட்டுப் பொருளாற் செய்த பொறியைப் பற்றியே பலரும் வியந்து கூறுவர். அப்பொறி வியத்தற்குரியதே. ஆயினும் அது வடித்தெடுத்த பொருள், உடல் எதனை ஏற்கும் என்ற கேள்வியை முன்வைத்து ஏறக்குறைய பத்தாண்டுகள் உழைத்ததன் பயனாகும். பதவியும் ஆதரவும் பறிக்கப்பட்ட காலத்தும் அவ்வுழைப்புக் கைவிடப்படாமையாலேயே, அந்நத்தார் நாளிற் சில துண்டு உலோகமும் ஒரு தைனமோவும் போதுமாயின.