இடது தோளில் ஒரு தழும்பு

எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு இடது தோளில் ஒரு வட்டத் தழும்பு இருக்கும். பி.சி.ஜி. ஊசி குத்தின இடம். ஏலக்காட்டு லயங்களில் காசநோய் என்றால் அப்படி ஒரு பயம். நோய் முற்றினவர்களை ஆஸ்டின்பட்டிக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள்.

கால்மெட், கெரான் என்ற பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து உண்டாக்கிய மருந்து அது. 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் கிண்டியில் 1948-இல் ஆய்வுக்கூடம் வந்தது. 1955-இல் ராஜாஜி இதை எதிர்த்துப் புத்தகமே போட்டார். அவர் பயந்த அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனால் பலன் உண்டா என்று கேட்டது நியாயம்தான்.

அதற்குப் பதில் செங்கல்பட்டு மாவட்டத்தில் கிடைத்தது. 1968-இல் தொடங்கி சுமார் 2,80,000 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கே தெரியாது. முடிவு வந்தபோது உலகமே திகைத்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை! குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயைத் தடுப்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள்.

கதை அதோடு முடியவில்லை. நம் ரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் உண்டு. தோட்டத்து வாட்சர் மாதிரி. ஆள் யார் என்று விசாரிக்காமல் புதிதாக நுழைந்த எதையும் முதலில் பிடிப்பவை. இவற்றுக்கு ஞாபகசக்தி கிடையாது, அது வேறு அணுக்களின் வேலை என்றே பாடப் புத்தகங்கள் சொல்லின. 2012-இல் நெதர்லாந்தில் மிஹாய் நெட்டியா குழுவினர் பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களின் மோனோசைட்டுகளைச் சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்தும், காசநோய்க்குச் சம்பந்தமே இல்லாத கிருமிகளிடமும் அவை வேகமாகப் பாய்ந்தன. ஆனால் மோனோசைட் ரத்தத்தில் சில நாள்தான் இருக்கும். அப்புறம் எப்படி ஞாபகம்? அவற்றைப் பெற்றுத்தரும் எலும்பு மஜ்ஜையிலேயே மாற்றம் பதிகிறது என்று பிறகு தெரிந்தது.

இதை நம்பித்தான் 2020-இல், சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையம் அறுபது தாண்டியவர்களுக்கு பி.சி.ஜி. போட்டுப் பார்த்தது. கோவிட்டுக்கு ஆகுமா என்று! வெளிநாடுகளில் நடந்த பெரிய சோதனைகள் சிலவற்றில் பலன் தெரியவில்லை. வாட்சர் உஷாராக இருந்தால் போதுமா என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.