போர் காட்டில் ஒரு மிதி

புனேயிலிருந்து மும்பை பக்கம் சைக்கிள் மிதிக்க நினைத்தால் பழைய சாலைதான் கதி. 2002-ல் முழுதாகத் திறந்த எக்ஸ்பிரஸ்வேயில் இரண்டு சக்கரத்துக்கு இடமில்லை. நல்லதுதான்!

நானும் நண்பரும் கண்டாலா தாண்டி இறங்கியது போர் காட் வழியே (போருமில்லை, காடுமில்லை, காட் என்றால் மராத்தியில் மலைப்பாதை). 1830-ல் கவர்னர் மால்கம் வண்டிகளுக்குத் திறந்துவிட்ட பாதை. வெள்ளைக்காரனுக்கு வழி காட்டியதாகச் சொல்லப்படும் ஆட்டிடையர் சிங்ரோபாவுக்கு வழியில் கோயிலே உண்டு.

அடுத்து ரயில், 1863-ல் முடிந்தது. 37 அடிக்கு ஓரடி ஏற்றம். காண்டிராக்டர் ட்ரெட்வெல் 1859-ல் வந்த சில வாரங்களில் இறந்துபோக, மனைவி ஆலிஸ் வேலையைத் தொடர்ந்தார். அவர் பெயராவது தெரியும். காலராவில் செத்த ஆயிரக்கணக்கான கூலியாட்கள்?

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறவே எங்களுக்கு மூச்சு முட்டியது. அவர்கள் கல் சுமந்தார்கள்.