51–3: டெக்சஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

கிரிக்கெட்டில் ஊறிய நம்மவர்களுக்கு 51 ஓட்டம் என்பது ஒரு பொருட்டே அல்ல. பேஸ்பாலில் கதை வேறு. ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று பேர் ஆட்டமிழந்தால் முடிந்தது. நாலைந்து ஓட்டங்களிலேயே பெரும்பாலான ஆட்டங்கள் தீர்ந்துவிடும். மேஜர் லீக் வரலாற்றில் ஓர் அணி ஒரே ஆட்டத்தில் எடுத்த அதிகபட்ச ஓட்டம் 36. 1897 ஜூன் 29 அன்று சிகாகோ அணி லூயிவில்லுக்கு எதிராக எடுத்தது (36–7). இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய பிறகு பார்த்தால், 2007 ஆகஸ்ட் 22 அன்று டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பால்டிமோரை 30–3 என்று வென்றதுதான் உச்சம்.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஆட்டம் ஒன்று மைனர் லீக்கில் நடந்தது. 1902 ஜூன் 15, டெக்சஸ் லீக். கார்சிகானா 51, டெக்சார்கானா 3.

கார்சிகானா எண்ணெய் ஊர். 1894இல் தண்ணீருக்காகக் கிணறு தோண்டப்போய் எண்ணெய் கிடைத்தது. காசு புழங்கிய ஊரில் அணியும் பலமாக இருந்தது. அந்தப் பருவத்தில் அவர்கள் தொடர்ச்சியாக 27 ஆட்டங்களில் வென்றார்கள். எதிரணியின் பெயர் 'சவப்பெட்டி செய்பவர்கள்'. (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!)

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் விளையாடக் கார்சிகானாவில் தடை இருந்ததால், ஆட்டத்தை வடக்கே சுமார் இருபது மைல் தள்ளியிருந்த ரயில்வே ஊரான என்னிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த மைதானம் சிறியது. குறிப்பாக வலப்பக்க வேலி மிக அருகில் இருந்தது. எவ்வளவு அருகில் என்பதற்கு ஆளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள்.

கார்சிகானாவின் கேட்சர் ஜே கிளார்க். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஆம்ஹர்ஸ்ட்பர்க்கில் பிறந்தவர், வயது பத்தொன்பது. இடக்கை ஆட்டக்காரரான அவருக்கு அந்த வலப்பக்க வேலி ஒரு வரம். எட்டு முறை மட்டையெடுத்தார், எட்டு முறையும் ஹோம் ரன். அந்த ஆண்டு முழுவதும் ஆடி நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்த டாமி லீச் அடித்தவை மொத்தமே ஆறுதான். பந்து மந்தமாகப் பறந்த காலம் அது. மேஜர் லீக்கில் ஒரே ஆட்டத்தில் நான்குக்கு மேல் இன்றுவரை எவரும் அடித்ததில்லை.

செய்தியைத் தந்தியில் வாங்கியவர்கள் எட்டு என்பது எழுத்துப்பிழை என்று எண்ணி மூன்று என்று திருத்திவிட்டார்கள் என்றொரு கதை உண்டு. நம்பும்படியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இத்தகைய கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறுபவை. எண்ணிக்கையைச் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள். எட்டு என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

எனக்கு இதில் பரிதாபமாகப் படுபவர் பந்தெறிந்த டிவிட். அத்தனை அடி விழுந்தும் அவரை மாற்றாமல் கடைசிவரை எறிய விட்டார்கள். அணியின் உரிமையில் அவர் குடும்பத்துக்குப் பங்கு இருந்ததால்தான் என்பார்கள். கிரிக்கெட்டில் அடி வாங்குகிறவருக்கு ஓர் ஓவர் முடிந்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும், தலைவர் வேறொருவரிடம் பந்தைக் கொடுப்பார். இங்கே மாற்று ஆளை அனுப்பாவிட்டால், மூன்று பேரை வெளியேற்றும்வரை மேட்டைவிட்டு இறங்க முடியாது. முன்னிலையில் இருக்கும் அணி 'போதும்' என்று டிக்ளேர் செய்யவும் வழியில்லை.

கிளார்க் 1905இல் மேஜர் லீக்குக்கு வந்தார். 1908 அக்டோபர் 2 அன்று கிளீவ்லாந்தின் ஆடி ஜாஸ் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல் எறிந்த புகழ்பெற்ற ஆட்டத்தில், அந்தப் பந்துகளைப் பிடித்த கேட்சர் இவர்தான். நல்ல ஆட்டக்காரர் என்றே பெயர். ஆனால் என்னிஸின் வேலி மற்ற ஊர்களில் இல்லை: மேஜர் லீக்கில் அவர் ஆடிய 506 ஆட்டங்களில் அடித்த ஹோம் ரன்கள் ஆறே ஆறு. 1949இல் மிச்சிகனில் காலமானார். அதுவும் ஒரு ஜூன் 15.