வாகனச் சோதனை (போதைப்பொருள் வழக்குகளில்)

ஜெயங்கொண்டம் வழியாகத் திருச்சியையும் சிதம்பரத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அகாலத்தில் ஒரு காரை மறித்துக் கஞ்சா தேடும் போலீஸ் அதிகாரி, முன்கூட்டித் தகவல் பெற்றிருப்பின் அதை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பவும், சூரியாஸ்தமனத்துக்குப் பின் வாரண்டின்றிச் சோதிப்பதாயின் அதற்குரிய காரணத்தைக் குறித்துவைக்கவும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 42-ஆம் பிரிவினால் கடமைப்பட்டவராவார். பொது இடங்களுக்குரிய 43-ஆம் பிரிவில் இந்நிபந்தனைகள் இல்லையாதலின், சாலையில் நின்ற எவ்வண்டியையும் அதற்குள் அடக்க அரசுத் தரப்பு முயல்வது சகஜமே. ஹரியானா ஜீப் ஒன்றைப் பற்றிய பூட்டா சிங் வழக்கில், தனியார் வண்டி பொது வாகனமாகாதென்று கூறி, 2021-இல் உச்ச நீதிமன்றம் எதிரிகளை விடுதலை செய்தது. ஆகவே குறுக்கு விசாரணையில் வக்கீல் முதலில் தேடுவது அந்தத் தகவல் குறிப்பையும் அதிலுள்ள தேதி, நேரத்தையுமே. வண்டியிலுள்ள மூட்டைக்கோ, உடற்சோதனைக்குரிய 50-ஆம் பிரிவின் பாதுகாப்புக் கிடையாது.